ஏற்றமும் வற்றமும் ஓடும் ஆற்றில் தூண்டில்

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் மீன் விடாமல் கடித்தது என்று இன்றும் அதே ஆறு மணிக்கு அதே தூணருகே போய் நின்றால், வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். குளத்திலும் ஏரியிலும் பழகியவர்கள் கடலோர ஆற்றுக்கு வந்ததும் செய்கிற முதல் தவறு இது. குளத்தில் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை மேலே ஏறி, இரண்டு முறை கீழே வடிகிறது (சில கரைகளில் ஒரே ஒரு முறை). ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று ஆறு மணிக்கு இருந்த ஓட்டம் இன்று ஆறு ஐம்பதுக்குத்தான் வரும். ஒரு வாரம் போனால் அதே ஆறு மணிக்கு நேர் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கும். மீன் காலை, மாலை பார்ப்பதைவிட இந்த ஓட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறது.

ஆற்றுக்கென்று ஒரு கடிகாரம்

அச்சிட்ட ஓத அட்டவணையில் இருக்கும் நேரம் துறைமுகத்துக்கோ முகத்துவாரத்துக்கோ உரியது. ஆற்றுக்குள் போகப் போக ஏற்றம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. வளைவு, ஆழம், மணல்திட்டு, பாலத்தூண் எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பும். நேரில் அளந்துவிடுவதே நல்லது.

இரண்டு மீட்டர் மூங்கில் கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கரையோரச் சேற்றில் ஆழமாகக் குத்தி வைக்க வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுத வேண்டும். கூடவே ஒரு காய்ந்த இலையை நடு ஓட்டத்தில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்றும் குறிக்க வேண்டும். மட்டம் ஏறுவது நிற்கும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. கழியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகும் இலை மேல்நோக்கியே போய்க்கொண்டிருக்கும்; சில இடங்களில் இது அரை மணிக்கு மேலும் நீளும். தூண்டில்காரனுக்கு வேண்டியது இரண்டாவது நேரம். அட்டவணை நேரத்துக்கும் இலை திரும்பிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாளும், அட்டமியை ஒட்டி இரண்டு நாளும் எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கான கணக்கு கையில் வந்துவிடும். இரண்டு எண்ணும் ஒன்றாக இராது. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்ற வற்றம் மிகப் பெரிதாக இருக்கும். அட்டமி, நவமியை ஒட்டி மிகச் சிறிதாக இருக்கும். ஆற்றின் அடித்தரை இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

ஆறு மணி நேர ஏற்றத்தில் தண்ணீர் சீராக ஏறுவதும் கிடையாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று ஏறும். நடு இரண்டு மணியில்தான் இழுப்பு அதிகம். முகத்துவாரத்தை ஒட்டி இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். உள்ளே போகப் போக ஏற்றம் குறுகி வேகமாகவும், வற்றம் நீண்டு நிதானமாகவும் மாறும். நான்கு மணி ஏற்றம், எட்டு மணி வற்றம் என்று ஓடும் இடங்களும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் வற்றத்தைக் குறிவைப்பவனுக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது.

மேலே நன்னீர், அடியில் உப்பு

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நன்னீரில் அரை கிராமுக்கும் குறைவு. இதனால் ஒரு லிட்டர் கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 25 கிராம் கூடுதல் எடை. அந்த 25 கிராம் செய்யும் வேலை பெரிது. ஏற்றத்தில் வரும் உப்புநீர் ஆற்றுநீரோடு உடனே கலந்துவிடாமல், ஆப்பு மாதிரி அதன் அடியில் நுழைந்து தரையோடு மேலே ஏறுகிறது. மேற்பரப்பில் கை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தவர் நல்ல தண்ணீர் என்று சொல்வார். மூன்று மீட்டர் கீழே கடல் இருக்கும். கெண்டைக்கு என்று அடியில் போட்ட மண்புழுவைக் கடல் கெளிறு விழுங்கும்போது ஆச்சரியப்படுவதும் இவர்தான். (எப்படியும் நாக்கில் தொட்டுப் பார்க்காதீர்கள். கடலோர ஆறுகளில் என்னென்ன வடிகிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது.)

உப்பை அளக்க, இறால் பண்ணையிலும் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடமும் இருக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. பெரும்பாலானவை 9,990-ஐத் தாண்டிக் காட்டாது, அது லிட்டருக்கு 10 கிராம்தான். அடியில் இருக்கும் தண்ணீரை எடுக்கக் கால் லிட்டர் புட்டி ஒன்றுக்குத் தக்கை மாட்டி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டி, அடியில் 350 கிராம் ஈயம் கட்டி இறக்க வேண்டும். ஆழம் சேர்ந்ததும் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் புட்டி நிரம்பும். ஈயத்தைக் குறைத்தால் காலிப் புட்டி மூழ்காது, அல்லது ஓட்டத்தில் சாய்ந்து அரை ஆழத்திலேயே மிதக்கும். இப்படி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று புட்டி எடுத்தால் ஆற்றின் குறுக்குவெட்டே தெரிந்துவிடும். ஏற்ற வற்றம் பலமாக இருக்கும் நாட்களில் ஓட்டம் தண்ணீரைக் கலக்கிவிடுவதால் மூன்று எண்ணும் நெருங்கி இருக்கும். அட்டமி நாட்களில் அடுக்கு தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

கருவி இல்லாதவர் கரையைப் பார்க்கலாம். மரத்தூணிலும் கல்லிலும் கொட்டலசும் (கூர் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) சிப்பியும் ஒட்டியிருந்தால் அங்கே உப்பு அடிக்கடி வந்து தங்குகிறது என்று பொருள். அவை ஒட்டியிருக்கும் மேல் விளிம்பு ஏற்றம் வழக்கமாக எட்டும் உயரத்தையும் காட்டும். ஆகாயத்தாமரை பச்சையாக, திடமாக மிதந்தால் மேலடுக்கு நன்னீர். இலை ஓரம் பழுப்பேறிச் சரிந்து கிடந்தால் சில நாட்களாக உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

எந்த மீன் எங்கே நிற்கும் என்பதற்குப் பின்னால் ஓர் எளிய உடற்கணக்கு உண்டு. எலும்பு மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்னீர் மீனுக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறி வருகிறது, அது ஓயாமல் வெளியேற்றுகிறது. கடல் மீன் உடம்பிலிருந்து தண்ணீரை இழக்கிறது, குடித்து ஈடுகட்டுகிறது. லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்புள்ள இடத்தில் இரண்டுக்குமே இந்தப் பாடு குறைவு. இரண்டு கூட்டமும் உரசிக்கொள்ளும் இடம் அந்தப் பட்டைதான். அது ஆற்றோடு சேர்ந்து மேலும் கீழும் நகர்கிறது. விராலும் பெரும்பாலான கெண்டைகளும் உப்பு ஏறியதும் மேலே ஒதுங்கிவிடும். திலாப்பியா உப்பைப் பொறுத்துக்கொண்டு கீழேயே நிற்கும். பாறையும் சீலாவும் காலாவும் உப்புநீரோடு உள்ளே வந்து அதோடு வெளியேறும். மடவைக்கு எல்லாமே வீடு. கொடுவாயும் அப்படித்தான். அது உப்புள்ள முகத்துவாரப் பக்கம் முட்டையிடுகிறது, குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி வளர்கின்றன. செப்பிலி இளமையை ஆற்றுக்குள் வேரிடுக்கிலும் கட்டைக்கடியிலும் கழித்துவிட்டு, பெரிதானதும் கடல் பாறைகளுக்குப் போகும். விலாங்கு நேர் எதிர்: ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது.

எந்த ஓட்டத்துக்கு எங்கே நிற்பது

தூண்டிலே இல்லாமல் ஒருமுறை போய்வருவது இந்த ஆற்றில் வீணல்ல. அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த மறுநாள், வற்றம் அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில் கரையோடு நடந்தால் மற்ற நாளில் தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும் எல்லாமே வெளியே கிடக்கும்: மூழ்கிய மரம், சிப்பித் திட்டு, வளைவின் வெளிப்பக்கத்துப் பள்ளம், சேற்றுத் திடலை வெட்டிக்கொண்டு ஓடும் சிறு ஓடைகள். அசையாத ஒரு மரத்தையோ கம்பத்தையோ சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் படம்தான் வரைபடம்.

நேரம் குறைவாக உள்ளவர் ஒன்றை மட்டும் பிடிப்பதென்றால், ஓடை வாயில் வற்றத்தின் முதல் இரண்டு மணியைப் பிடிக்கலாம். ஏற்றத்தில் சேற்றுத் திடலுக்கும் அலையாத்தி வேர்களுக்கும் மேலே ஏறி மேய்ந்த இறாலும் குஞ்சு மடவையும் தண்ணீர் வடியத் தொடங்கியதும் அந்தக் குறுகிய ஓடை வழியாகத்தான் ஆற்றுக்கு வந்தாக வேண்டும். வாயிலில் ஒரு சாண் ஆழத்தில் இறால்கள் துள்ளித் துள்ளி இறங்கும். கலங்கிய ஓடைத் தண்ணீர் ஆற்றுநீரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே, இருட்டுப் பக்கத்தில், கொடுவா அசையாமல் நிற்கும். அது வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும்போது கதவை அறைந்து சாத்தியதுபோல "டப்" என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட இடத்திலேயே தூண்டிலைப் போடுவது பழகாதவர் வேலை. சத்தத்துக்கு மூன்று நான்கு மீட்டர் மேலே, ஓடைக்குள் போட்டு, ஓட்டமே இரையைக் கொண்டுவந்து கொடுக்கும்படி விட வேண்டும். இயற்கையாக வரும் இரை எல்லாமே அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. எதிர்த் திசையிலிருந்து நீந்தி வரும் இறாலை அது நம்பாது.

ஏற்றத்தின் தொடக்கத்தில் இதே மீன்கள் தலைகீழாக நடந்துகொள்ளும். தண்ணீர் முழங்கால் அளவு வந்ததும் மடவைக் கூட்டம் திடலின் ஓரமாக ஏறும். வேட்டை மீன்கள் அதன் பின்னால் வரும். அப்போது ஆழத்தைப் பார்த்து வீசுவது வீண், இரை காலடிக்கு இரண்டு மீட்டரில் இருக்க வேண்டும். கிழங்கானுக்கும் அதுவே நேரம், மணல் கலந்த தரையாக இருக்க வேண்டும்.

பாலத்தூண்களில் மீன் நிற்கும் பக்கம் ஓட்டத்தோடு மாறும். தூணின் முன்னால் ஓட்டம் மோதி மெத்தென்று அடங்கும் ஒரு சிறு இடம் உண்டு. பின்னால் சுழல் உண்டு. முன்னிடத்தில் நிற்பது பெரிய மீன், சுழலில் சிறியவை என்பதை அடிக்கடி பார்க்கலாம். ஏற்றத்தில் கடல் பக்கம் முன்பக்கம், வற்றத்தில் மலைப் பக்கம் முன்பக்கம். இரவில் பாலத்து விளக்கின் நிழல் தண்ணீரில் விழும் கோடு இன்னொரு எல்லை. மீன் நிழலுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்க்கும். ஆகவே வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் இரை போக வேண்டும்.

ஓட்டம் அடியோடு நிற்கும் அரை மணியில் கடி ஓய்ந்துவிடும். முடிச்சை மாற்ற, முள்ளைத் தீட்ட அந்த நேரம். நண்டு இரையைத் தின்று தீர்ப்பதும் அந்த நேரம்தான். தூண்டில் நரம்பு மெதுவாக, இடைவிடாமல், பக்கவாட்டில் நகர்வதுபோல் இருந்தால் நண்டு.

தூண்டில் கட்டு

இரண்டடி மீனும் இரண்டு விரல் மீனும் ஒரே இடத்தில் கடிக்கும் ஆற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டு போதும் என்று நினைப்பது சிக்கனம் அல்ல. பெரிய மீனுக்கு ஏழடி ராடு, 20 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் 30 முதல் 40 பவுண்டு நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த நரம்பு) ஒரு மீட்டர். லீடர் எதற்கு என்றால், கொடுவாயின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வாயின் உள்புறம் அரம் மாதிரி இருக்கும். மெல்லிய பிரெய்டு அதில் ஒருமுறை உரசினால் அறுந்தது. சிப்பி ஒட்டிய தூணும் அதே வேலையைச் செய்யும். எஃகுக் கம்பி லீடரை சீலாவும் பேத்தையும் அதிகம் உள்ள இடத்தில் மட்டும், 20 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் போட வேண்டும். மற்ற இடங்களில் அது இரையின் ஓட்டத்தைக் கெடுக்கும். பிரெய்டையும் லீடரையும் சேர்க்க டபுள் யூனி முடிச்சு. பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கைந்து. இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைக்காவிட்டால் நைலான் சூடேறிச் சுருண்டு, பெரிய மீன் இழுக்கும் அன்று முடிச்சிலேயே போகும்.

அடித்தூண்டிலுக்கு மெயின் நரம்பில் துளையுள்ள ஈயக்குண்டு, அதன் கீழே ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதிலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் லீடர், 2/0 முதல் 4/0 வரை முள். மணியை விட்டுவிட்டால் ஈயம் முடிச்சின் மேலேயே தட்டித் தட்டி அதை நைத்துவிடும். ஈயத்தின் எடையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டம் ஆரம்பிக்கும்போது 20 கிராம் போதும், நடு மணிகளில் 40, சில இடத்தில் 60 தேவைப்படும். அளவு சரியாக இருக்கிறதா என்பதை ராடு நுனி சொல்லும். ஈயம் தரையைத் தொட்டு நின்று, சில நொடிக்கு ஒருமுறை தட்டென்று எழும்பி ஓர் அடி நகர்ந்து மறுபடி நிற்க வேண்டும். அப்படி நகரும் இரை தரையைத் துழாவிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் புதைந்து கிடந்தால் எடை அதிகம். நிற்காமல் உருண்டு கரைக்கு வந்துவிட்டால் குறைவு.

தக்கைத் தூண்டிலில் பலரும் தோற்பது ஒரே காரணத்தால்தான். வந்ததும் ஆழம் பார்த்து தக்கையைக் கட்டுகிறார்கள், இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது, இரண்டு மீன் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறிவிடுகிறது. இரை இப்போது தரைக்கு ஒரு மீட்டருக்கு மேலே, வேறு உப்பில், வேறு மீன் கூட்டத்துக்கு நடுவே தொங்குகிறது. மீன் போய்விட்டது என்று இவர்களும் போய்விடுகிறார்கள். வழுக்குத் தக்கை (நரம்பில் நழுவி ஓடும் தக்கை) போட்டு, நூலில் நிறுத்து முடிச்சு கட்டி, அதை அரை மணிக்கு ஒருமுறை நகர்த்தினால் போதும். கரையில் குத்திய மூங்கில் கழி எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிடும்.

சர்க்கிள் முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) போட்டவர் கடி விழுந்ததும் ராடை வெட்டி இழுக்கக் கூடாது. வெட்டினால் முள் வாயிலிருந்து சுத்தமாக வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை ரீலைச் சுற்றிக்கொண்டே போனால், மீன் திரும்பும்போது வாயோரத்தில் தானாகப் பதியும். முள் நுனி இரைக்குள் புதையாமல் வெளியே தெரிய வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மடவைக்கு இது எதுவுமே பொருந்தாது. எட்டு முதல் பன்னிரண்டாம் எண் சிறுமுள், 6 பவுண்டு நரம்பு, பயறளவு மாவு உருண்டை. அதன் உதடு மென்மையானது, முரட்டுத்தனமாக இழுத்தால் கிழிந்துவிடும்.

இரை

இரையும் உயிர்தான், அதற்கும் உப்புக்கணக்கு உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மண்புழு நன்னீரில் முள்ளில் நீண்ட நேரம் நெளியும். உப்பில் சில நிமிடத்தில் வெளுத்துத் தொய்ந்துவிடும். கடற்புழு உப்பில் நெளியும். நன்னீரில் ஊதிக் கரைந்துபோகும். முகத்துவாரத்தில் பிடித்த இறாலை நன்னீர் அடுக்கில் தொங்கவிட்டால் துடிப்பு அடங்கிவிடும். இறால் செத்தால் கெளிறும் நண்டும்தான் வரும், கொடுவா வராது. எனவே எந்த அடுக்கில் போடப் போகிறோமோ அந்த அடுக்குத் தண்ணீரில் பிடித்த இரை நல்லது. அது முடியாதென்றால் வாளித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் கால்மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காக மாற்றிப் பழக்க வேண்டும். பத்து லிட்டர் வாளிக்கு இருபது இறாலுக்கு மேல் வேண்டாம், பேட்டரிக் காற்றுக்குழாய் ஓட வேண்டும், வாளி நிழலில் இருக்க வேண்டும்.

உயிர் இறாலில் முள் ஏற்றுவதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். இறாலை முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு விரலில் மெதுவாகப் பிடித்தால், கண்ணாடி மாதிரித் தெரியும் தலை ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். உயிர்நிலை அங்கேதான். முள்ளின் நுனியைக் கொம்பின் அடியில், அந்தக் கரும்புள்ளிக்கு முன்னால், ஓட்டின் மேல் பகுதியில் மட்டும் பட்டுப் போகும்படி பக்கவாட்டில் நுழைத்து எடுக்க வேண்டும். சரியாகப் பட்டால் ‘கிரீச்’ என்று ஓடு துளைபடுவது விரலில் தெரியும், இறால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். கரும்புள்ளியில் பட்டால் அந்தக் கணமே உடம்பு நீண்டு வெள்ளையாகத் தொடங்கும். அதைக் கழற்றி அடித்தூண்டிலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் பலமான நேரத்தில் தலையில் குத்திய இறால் சீக்கிரம் கழன்றுவிடும், அப்போது வாலிலிருந்து இரண்டாவது கணுவில் ஏற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயிர் மடவைக்கு நின்ற இடத்தில் போட முதுகுத்துடுப்புக்கு முன்னால், ஓட்டத்தில் விட உதடு வழியாக.

செயற்கை இரையில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும்: ஓட்டத்துக்குக் குறுக்காக மேலே வீசி, ஓட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்ற வேண்டும். அதே வேகத்தில் சுற்றினால் லூர் ஆடாமல் கட்டையாக மிதந்து வரும். கலங்கிய தண்ணீரில் நிறத்தைவிட ஆட்டமும் சத்தமும்தான் மீனுக்குத் தெரிகிறது.

மழைக்குப் பிறகு

மேலே பலத்த மழை பெய்துவிட்டால் மேற்சொன்ன கணக்கில் பாதி செல்லாது. ஆற்றுநீர் ஏற்றத்தை அழுத்திப் பிடிக்கும். மட்டம் ஏறும், ஆனால் ஓட்டம் திரும்பாது. கழி ஏற்றம் என்று சொல்லும், இலை வற்றம் என்று சொல்லும். உப்பு ஆப்பு முகத்துவாரத்துக்குப் பின்வாங்க, கடல் மீன்களும் பின்வாங்கும். விராலும் கெண்டையும் வழக்கமாக வராத தூரம் கீழே வந்து நிற்கும். இந்த நாட்களில் தேட வேண்டியது பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சந்திக்கும் கோடு. நுரையும் குப்பையும் அதில் வரிசையாகச் சேர்ந்திருக்கும். பச்சைப் பக்கம் நின்று பழுப்பின் ஓரத்தை வேட்டை மீன்கள் சுற்றும். ஏற்றத்தில் கோடு மேலே நகரும், தூண்டிலும் அதோடு நகர வேண்டும்.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளத்தில் மட்டும் தூண்டில் வேண்டாம். அழுகிய இலையும் சாக்கடையும் ஒன்றாக வரும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியல்ல, மூச்சுத் திணறல். இரையைச் சீந்தாது, கையில் கிடைத்தாலும் சாப்பிடத் தகாது.

கை, கால், படகு

கெளிற்றின் முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்பில் ஒவ்வொன்று என மூன்று முட்கள். அரம்போலப் பல்லுள்ளவை, நஞ்சும் உண்டு. வெறுங்கையில் பிடிக்காமல் துணியும் குறடும் கொண்டு பிடித்து தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் 45 டிகிரியைத் தாண்டாத, தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். குத்தாத மற்றொரு கையை முதலில் விட்டுச் சூட்டைப் பார்ப்பது நல்லது, வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் அது விலகிவிடும். பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் போகாது, நரம்பைக் கத்தரித்தாவது அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கொடுவாயைச் செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள், கீழ்த்தாடையைப் பிடித்து, வயிற்றின் அடியில் மறு கையைத் தாங்கல் கொடுங்கள்.

கொடுவா ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரியவை ஏறத்தாழ எல்லாமே பெண்கள். அவற்றை விட்டுவிடுவது அந்த ஆற்றுக்கே விதைநெல் விடுவது மாதிரி. பிடிக்கக்கூடிய அளவு, தடைக்காலம் பற்றி அந்தந்த இடத்து விதி என்ன என்பதைப் போகும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலை உள்ள ஆறா என்பதையும்தான்.

வற்றத்தில் திடலின் நுனிவரை நடந்து போனவர், ஏற்றம் தன் முன்னாலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பார். உண்மையில் அது முதலில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த ஓடையைத்தான் நிரப்பும். காலடியில் மண் காய்ந்திருக்கும்போதே திரும்பும் வழி இடுப்பளவு ஆகிவிடும். கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே அலாரம் அடிக்கட்டும். சேற்றில் கால் மாட்டிக்கொண்டால் மற்றக் காலை ஊன்றி இழுக்காமல், பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, மாட்டிய காலைச் சிறிதுசிறிதாக ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்கவிட்டு எடுக்க வேண்டும்.

படகில் நங்கூரம் முன்மூக்கில்தான். பின்பக்கம் கட்டினால் வற்றத்தின் நடு மணியில் ஓட்டம் பின்பலகை மேல் ஏறிப் படகை மூழ்கடிக்கும். கயிறு இப்போதைய ஆழத்தைப் பார்த்தல்ல, ஏற்றத்தில் வரப்போகும் ஆழத்தைப் பார்த்து ஐந்து மடங்கு. வற்றம் வெளியே ஓடும்போது கடலிலிருந்து காற்று எதிராக அடித்தால் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். அரை மணி முன்பு அமைதியாக இருந்த வாய் அது. அந்த நேரத்தில் வெளியே போவதும் உள்ளே வருவதும் வேண்டாம், ஓட்டம் திரும்பும்வரை காத்திருந்தால் தானாக அடங்கும்.

வீடு வந்ததும் ரீலைக் கழுவுவதில், ஆற்றில்தானே போட்டோம் என்று விட்டுவிடுபவர்கள் ஒரு பருவத்தில் பேரிங்கை மாற்றுகிறார்கள். டிராக்கை (நரம்பு வெளியேறும் இறுக்கத்தை வைக்கும் திருகை) நன்றாக இறுக்கி, மெல்லிய ஓட்டத்தில் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்த பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்தி நிழலில் உலர விட வேண்டும். உபயோகித்த முட்களைத் தனிப் பெட்டியில் போடுங்கள். ஈரமான ஒன்று போதும், மறுநாள் பெட்டியில் உள்ள அத்தனையும் துருப்பிடித்திருக்கும்.